காங்கேசன்துறைத் தொகுதியும் அதன் தலைவரும் (1947–1977)

1952 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நடைபெற்ற பொதுத் தேர்தலிற் காங்கேசன்துறைத் தொகுதியின் வாக்குகள் எண்ணப்பட்டபோது, ஐக்கிய தேசியக் கட்சி அபேட்சகர் சு. நடேசனுக்கு 15,337 வாக்குகளும், இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகத்துக்கு 11,571 வாக்குகளும் கிடைத்திருந்தன. கட்சி தொடங்கப்பட்டு மூன்றாண்டுகள் நிறைவெய்துவதற்கு முன்னரே அதன் தலைவர் தாம் வளர்ந்த மண்ணிலே 3,766 வாக்குகளாற் பின்தள்ளப்பட்டார். பிற்காலத்தில் 'தந்தை' எனப் போற்றப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தோர் பலர் இத்தோல்வியை ஒரு வரியிற் கூறிவிட்டு 1956 ஆம் ஆண்டுக்கு விரைந்து சென்றுவிடுவர். வெற்றி பெற்றோர் எழுதும் வரலாற்றில் இது இயல்பே. ஆயினும் ஒரு மக்கட் கூட்டம் தன் தலைவர்களை எவ்வாறு எடைபோட்டது என்பதை அறிய விரும்புவோர்க்கு அவ்வொரு வரியே மிக முக்கியமானது.

அக்காலத்து இலங்கையிற் பொதுசன அபிப்பிராயத்தை அளந்தறியும் கருத்துக்கணிப்புக்கள் இருக்கவில்லை. பத்திரிகைகள் இருந்தன. 1930 இற் சுன்னாகத்திற் பிறந்த 'ஈழகேசரி', 1947 இற் செல்வநாயகத்தின் முயற்சியால் தோன்றிய 'சுதந்திரன்', கொழும்பிலிருந்து வந்த 'வீரகேசரி', 'தினகரன்' என்பன வீடுதோறும் படிக்கப்பட்டன. தேர்தற் கூட்டங்கள் இருந்தன. சந்திதோறும் விவாதங்கள் இருந்தன. ஆனால், பத்திரிகை தன் கருத்தையே மக்கள் கருத்தாகக் காட்டும்; கூட்டத்துக்கு வந்தோர் எல்லாரும் வாக்களிப்பதுமில்லை. எஞ்சி நிற்பது வாக்குச் சீட்டு ஒன்றே. அதுவும் 'யார்?' என்பதை மட்டும் கூறுமேயன்றி 'ஏன்?' என்பதைக் கூறாது. காங்கேசன்துறைத் தொகுதி இவ்விடரை ஓரளவு குறைக்கின்றது. 1947, 1952, 1956, 1960 மார்ச், 1960 யூலை, 1965, 1970, 1975 என எட்டு முறை ஒரே மனிதரின் பெயர் அத்தொகுதி மக்களின் முன் வைக்கப்பட்டது. அபேட்சகர் மாறாதிருக்க விடை மாறுமாயின், மாற்றத்தின் காரணத்தை வெளியிலே தேடலாம். 1959 ஆம் ஆண்டு எல்லை மீள்நிர்ணயத்தின் பயனாக உடுவில் முதலிய புதிய தொகுதிகள் குடாநாட்டில் எழுந்தன. ஆகவே 1956 வரையான எண்களையும் 1960 இன் பின்னரான எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் தவறாகும். இவ்வெச்சரிக்கையோடு மேலே செல்லலாம்.

குடாநாட்டின் வடகரையில் அமைந்தது இத்தொகுதி. கீரிமலைக் கேணியும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலும் இதன் பழம்பெருமை. தெல்லிப்பழையில் 1816 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிசனரிமார் கல்விப் பணியைத் தொடங்கினர். 1910 இற் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய மகாஜனக் கல்லூரியும் அங்கேயே உள்ளது. செம்மண்ணிற் கிணற்று நீரிறைத்துப் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட கமக்காரரும், பிள்ளைகளை ஆங்கிலம் கற்பித்துக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் உத்தியோகத்துக்கு அனுப்பிய குடும்பத்தினரும், அவர்களின் காணிகளிற் கூலிக்கு உழைத்தும் கோவிலின் வெளிவீதியில் நின்றே வழிபட்டும் வந்த தாழ்த்தப்பட்ட மக்களும் இத்தொகுதியின் வாக்காளர். 1898 இல் மலாயாவின் ஈப்போ நகரிற் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்த செல்வநாயகம் இம்மூன்று பிரிவினருள் இரண்டாவதன் பிரதிநிதி எனலாம்.

1947 ஆம் ஆண்டுத் தேர்தல் ஒருவகையிற் பழிதீர்த்த தேர்தல். 1945 நவம்பர் 8 ஆந் திகதி சோல்பரித் திட்டத்தின் அடிப்படையிலான அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கையை அரசாங்க சபை 51 வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. எதிர்த்தோர் மூவர் மட்டுமே. தமிழ் உறுப்பினர் பலரும் ஏற்றோர் வரிசையில் நின்றனர். அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் இதனையே தேர்தற் களத்திற் பெரும் குற்றச்சாட்டாக்கியது. யாழ்ப்பாணத் தொகுதியில் உள்நாட்டமைச்சர் அருணாசலம் மகாதேவாவை ஜீ. ஜீ. பொன்னம்பலம் 14,324 க்கு 5,224 என்ற வாக்குக் கணக்கில் வீழ்த்தினார். சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் மகன் என்ற குலப்பெருமையும் அமைச்சர் என்ற பதவியும் வாக்காளரைத் தடுக்கவில்லை. காங்கேசன்துறையிற் காங்கிரஸ் அபேட்சகராக நின்ற செல்வநாயகம் அதே அலையில் வென்றார். அப்போது அவரை வாக்காளர் அறிந்தது சிவில் வழக்குகளில் வல்ல சட்டத்தரணியாகவும் பொன்னம்பலத்தின் வலக்கரமாகவுமே. அலை பொன்னம்பலத்தினுடையது, செல்வநாயகம் அதிற் சென்றவர் என்பதை மறுத்தல் கடினம்.

ஓராண்டு கழிவதற்குள் நிலைமை தலைகீழாயிற்று. 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அச்சட்டமூலத்தைக் காங்கிரஸ் எதிர்த்தது. ஆனால், செப்ரெம்பரிற் பொன்னம்பலம் டி. எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையிற் கைத்தொழில் அமைச்சராகச் சேர்ந்தார். டிசெம்பரில் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமூலம் வந்தபோது அவர் அரசாங்கத்தோடு நின்றார். செல்வநாயகமும் கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கமும் எதிர்த்தனர். அமைச்சராக இருந்த சி. சுந்தரலிங்கம் பதவியைத் துறந்தார். 1949 இல் நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தம் பிரசாவுரிமையற்றோரின் வாக்குரிமையைப் பறித்தது. அதே ஆண்டு டிசெம்பர் 18 ஆந் திகதி செல்வநாயகமும் வன்னியசிங்கமும் செனற்றர் இ. மு. வி. நாகநாதனும் சேர்ந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். இன்று மலைநாட்டாருக்கு நேர்வது நாளை வடக்கு, கிழக்குத் தமிழருக்கு மொழியின் பெயரால் நேரும் என்பதே செல்வநாயகத்தின் வாதத்தின் சாரம்.

கட்சி பிறந்த காரணம் இவ்வாறு தெளிவானது. எனவே 1952 ஆம் ஆண்டுத் தேர்தலிற் காங்கேசன்துறை வாக்காளர் முன் வைக்கப்பட்ட வினாவும் தெளிவானதே: நூற்றைம்பது மைலுக்கு அப்பால் தேயிலை மலைகளில் வாழும், தாம் பெரும்பாலும் கண்டிராத, மணவுறவோ கொடுக்கல் வாங்கலோ வைத்திராத மக்களின் வாக்குரிமைக்காக, பதவியிலிருக்கும் அரசாங்கத்தின் நல்லெண்ணத்தை இழக்கச் சித்தமா?

மறுபக்கத்தில் நின்றவர் எளிதில் ஒதுக்கத்தக்கவர் அல்லர். நடேசன், சு. நடேசபிள்ளை என்னும் பெயரால் தமிழறிஞர் நன்கறிந்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன். பரமேசுவராக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர். 1934 ஆம் ஆண்டு முதல் 1947 வரை அரசாங்க சபையிற் காங்கேசன்துறையின் பிரதிநிதியாக இருந்தவர். அவர் சார்ந்த கட்சி அரசாளும் கட்சி. 1952 மார்ச்சு 22 இல் மறைந்த டி. எஸ். சேனாநாயக்கவின் மீதான அனுதாபமும் நாடெங்கும் அக்கட்சிக்குத் துணைசெய்தது. இவற்றுக்கு மேலாகக் கண்முன் நின்ற சான்று ஒன்றிருந்தது. பொன்னம்பலத்தின் அமைச்சுக் காலத்தில் 1950 இற் காங்கேசன்துறையிற் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. சுண்ணக்கல்லைத் தவிர வேறு கனிப்பொருள் இல்லாத நிலத்தில் அக்கல்லே தொழிலாயிற்று. ஊர் இளைஞருக்கு ஊரிலே சம்பளம் கிடைத்தது. ஒத்துழைப்பின் பயன் புகைபோக்கியாக உயர்ந்து நின்றபோது, ஒத்துழையாமையின் பயனைச் சொல்லால் மட்டுமே விளக்க வேண்டிய நிலையிற் செல்வநாயகம் இருந்தார்.

மொழிபற்றிய அச்சமும் அன்று வெறும் ஊகமாகவே தோன்றியிருக்கும். 1951 இற் பண்டாரநாயக்க தொடங்கிய ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிதானும் தனது முதல் அறிக்கையிற் சிங்களத்தையும் தமிழையும் ஆட்சிமொழிகளாக்க வேண்டுமென்றே கூறியிருந்தது. அரசாங்க அலுவலகங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தானுக்கு உத்தியோகம் கிடைத்துக்கொண்டிருந்தது. இந்நிலையில் ஆபத்து வருகின்றது என்றவரின் சொல் மிகைப்பட்டதாகப் பட்டதில் வியப்பில்லை.

தோல்விக்குச் சமயமே காரணம் என்பாரும் உளர். செல்வநாயகம் கிறித்தவர், தொகுதியோ சைவத்தின் உறைவிடம், நடேசன் இராமநாதன் மரபின் வாரிசு. சமயம் சில வாக்குகளைத் திருப்பியிருத்தல் கூடும். ஆனால், 1947 இலும் அவர் கிறித்தவரே. 1956 இலும் கிறித்தவரே. அவ்விரு முறையும் அதே சைவ வாக்காளர் அவரைத் தெரிந்தனர். ஆகவே சமயத்தைத் தனிக் காரணமாகக் கொள்ளுதல், வாக்காளர் உண்மையில் அளித்த விடையை மறைத்துக்கொள்ளும் வசதியான வழியாகும். அவ்விடை கசப்பானது. 1952 ஏப்பிரில் 28 ஆந் திகதி முதல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தலைவர்கள் வாக்குரிமை வேண்டிக் கொழும்பிற் பிரதமரின் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருந்துகொண்டிருந்தனர். 1947 இல் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் 1952 இல் ஒருவரையும் அனுப்ப முடியாதவராயினர். அவர்கள் வீதியில் அமர்ந்திருந்த அதே வாரங்களில், அவர்களுக்காகப் பேசிய தலைவரை யாழ்ப்பாணத்துத் தமிழ் வாக்காளர் வீட்டுக்கு அனுப்பினர். தமிழரசுக் கட்சிக்குக் கோப்பாயும் திருகோணமலையுமாக இரண்டே ஆசனங்கள் கிடைத்தன, காங்கிரசுக்கு நான்கு.

எனினும், இதனைச் செல்வநாயகத்தின் மீதான அவமதிப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. 11,571 பேர், பெறுவதற்கு எதுவுமில்லாத நிலையில், அவருக்கு வாக்களித்தனர். எதிர்த்து வாக்களித்தோரும் அவரது நேர்மையை ஐயுற்றதாகத் தெரியவில்லை. ஒரு தலைவரைப் பற்றி மக்கள் கொண்டுள்ள மதிப்பும், தேர்தலன்று அவருக்கு அளிக்கும் வாக்கும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதே ஈண்டு கவனிக்கத்தக்கது. முன்னதில் 'இவர் எப்படிப்பட்டவர்?' என்பது கேள்வி. பின்னதில் 'இவர் சொல்லும் துன்பம் எனக்கு உரியதா?' என்பது கேள்வி.

அடுத்த நான்காண்டுகளில் இரண்டாவது கேள்விக்கான விடை மாறிற்று. அதனை மாற்றியது செல்வநாயகத்தின் பேச்சன்று. அவர் உரத்த குரலிற் பேசும் ஆற்றலற்றவர். 1953 இற் பிரதமரான சேர் ஜோன் கொத்தலாவல பொன்னம்பலத்தை அமைச்சரவையினின்று நீக்கினார், நடேசன் அமைச்சரானார். 1954 இல் யாழ்ப்பாணம் வந்த பிரதமர், கொக்குவில் இந்துக் கல்லூரியிற் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து வழங்க அரசியலமைப்பைத் திருத்துவதாக வாக்களித்தார். குடாநாடு மகிழ்ந்தது. தெற்கிலே எழுந்த எதிர்ப்பைக் கண்ட பிரதமர் தம் வாக்கினின்று பின்வாங்கினார். 1956 பெப்ரவரியிற் களனியிற் கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மாநாடு சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தீர்மானத்தை ஏற்றது. கட்சியின் இப்போக்கை ஏற்க மாட்டாத நடேசன் அதனை விட்டு விலகினார். ஒத்துழைப்பு அரசியலை நம்பிய 15,337 பேரின் நம்பிக்கையைக் குலைத்தவர் செல்வநாயகம் அல்லர்; அவர்கள் நம்பிய கட்சியே அதனைக் குலைத்தது. மேலும், தம் பெயரால் வென்றவரே வெளியேறியதைக் கண்ட வாக்காளருக்குத் தாம் ஏமாற்றப்பட்டதை உணர வேறு சான்று வேண்டியிருக்கவில்லை.

1956 ஏப்பிரிற் தேர்தலில் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களைக் கைப்பற்றியது. காங்கேசன்துறை செல்வநாயகத்தை மீண்டும் அழைத்தது. காங்கிரசுக்கு எஞ்சியது பொன்னம்பலத்தின் யாழ்ப்பாணத் தொகுதி ஒன்றே. எனினும், 1956 இல் வென்ற கருத்து 1952 இல் தோற்ற கருத்தன்று. தோற்றது மலைநாட்டார் வாக்குரிமை. வென்றது யாழ்ப்பாணத்தான் உத்தியோகமும் மொழியும். இரண்டும் ஒரே கோட்பாட்டின் இரு முகங்கள் எனச் செல்வநாயகம் நம்பினார். வாக்காளரும் அவ்வாறே நம்பினரா என்பது ஐயத்துக்குரியது.

1956 க்கும் 1965 க்கும் இடைப்பட்ட காலத்தைப் பலரும் விரிவாக எழுதியுள்ளனர். 1957 யூலையில் எழுதப்பட்ட பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கை, அது அடுத்த ஏப்பிரிலிற் கைவிடப்பட்டமை, 1958 கலவரம், 1961 இல் யாழ்ப்பாணக் கச்சேரி முன்னர் நடந்த சத்தியாக்கிரகம், 1965 மார்ச்சில் டட்லி சேனாநாயக்கவோடு செய்த உடன்படிக்கை ஆகியன அறிந்தவையே. இக்காலம் முழுவதும் காங்கேசன்துறை அசையவில்லை. அரசாங்கம் ஒப்பந்தத்தை முறிக்குந்தோறும் ஒப்பந்தம் செய்தவரின் மதிப்பு தொகுதியில் உயர்ந்தது என்பது விந்தையாகத் தோன்றினும், ஏமாற்றப்பட்டவரோடு ஏமாற்றப்பட்டோர் சேர்வது மனித இயல்பு.

சரிவு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1965 இன் பின்னர் தமிழரசுக் கட்சி அரசாங்கத்தின் பங்காளியாயிற்று, மு. திருச்செல்வம் செனற்சபை வழியாக உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபைத் திட்டம் 1968 இற் கைவிடப்பட்டது. 1952 இல் எந்த அரசியலை எதிர்த்துத் தோற்றாரோ அதே அரசியலைச் செய்து வெறுங்கையோடு திரும்பினார் என்ற குறை எழுந்தது. அதே 1968 இல் தொகுதியின் நடுவே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில், தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடும் உரிமை கேட்டு வந்து நின்றனர். அவர்களைத் தடுக்க முன்னின்றவர் சி. சுந்தரலிங்கம். இருபதாண்டுகளுக்கு முன் மலைநாட்டாரின் பிரசாவுரிமைக்காக அமைச்சர் பதவியைத் துறந்தவர், கணிதப் பேராசிரியர், 'ஈழம்' என்ற தனிநாட்டுக் கோரிக்கையைத் தமிழரசுக் கட்சிக்குப் பல்லாண்டு முன்னரே எழுப்பியவர். அத்தகையவர் சக தமிழனைக் கோவில் வாசலிலே மறித்து நின்றார். 1957 ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் கீழ் அவர்மீது தொடுக்கப்பட்ட வழக்குப் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது.

அந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்றோர் இடதுசாரிகள். தீண்டாமை ஒழிப்பைத் தன் கொள்கையாகக் கூறிவந்த தமிழரசுக் கட்சி, தன் தலைவரின் தொகுதியில் நடந்த இப்போராட்டத்துக்குத் தலைமை தாங்கவில்லை. உயர்சாதியினரின் வாக்கை இழக்க அஞ்சியது என்பதே நேர்மையான விளக்கமாகலாம். இரு பக்கத்தையும் பகைக்காதிருக்க முயன்றோர் இரு பக்கத்தையும் இழப்பது அரசியலிற் புதிதன்று. 1970 மே மாதத் தேர்தலின் எண்கள் இதனைக் கூறுகின்றன. செல்வநாயகம் 13,520, கம்யூனிஸ்ற் கட்சி அபேட்சகர் வி. பொன்னம்பலம் 8,164, சுந்தரலிங்கம் 5,788. கோவில் திறக்கப்பட வேண்டும் என்றவர்களின் கட்சியும், திறக்கலாகாது என்றவரும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் 13,952 ஆகும். அது செல்வநாயகம் பெற்றதிலும் அதிகம். தமிழினத்தின் ஒருமித்த தலைவராகக் கருதப்பட்டவர் தம் தொகுதியில் அளிக்கப்பட்ட வாக்குகளிற் பாதியைத் தானும் பெறாமல் வென்றார். ஏனைய தொகுதிகளில் அதிர்ச்சி இன்னும் பெரிது: வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கமும் நல்லூரில் நாகநாதனும் தோற்றனர், யாழ்ப்பாணத்திற் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் தோற்றார். 1970 ஆம் ஆண்டு வாக்காளர் எந்தக் கட்சியின் தலைமையையும் முழுதாக நம்பவில்லை எனலாம். அத்தேர்தலில் தமிழரசுக் கட்சி, பிரிவினை கோருவோரை ஆதரிக்க வேண்டாமென மக்களைக் கேட்டுக்கொண்டது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இத்தகைய தலைவர் ஐந்தாண்டுகளில் எவ்வாறு எழுந்தார்? இம்முறையும் விடை தொகுதிக்கு வெளியிலேயே கிடைக்கின்றது. 1971 இன் பின்னர் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல், கமக்காரன் மகனும் உத்தியோகத்தன் மகனும் ஒருங்கே கனவு கண்ட கதவை ஒடுக்கியது. 1972 மே 22 இற் பிறந்த குடியரசு அரசியலமைப்பு, சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு அளித்த சிறுபான்மையோர் காப்பினைத் தானும் விட்டுவிட்டது. பகைத்திருந்த காங்கிரசும் தமிழரசுக் கட்சியும் தமிழர் கூட்டணியில் ஒன்றுசேர்ந்தன. ஒக்ரோபர் 3 ஆந் திகதி செல்வநாயகம் தம் ஆசனத்தை இராசினாமாச் செய்து, புதிய அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கின்றனரா என்பதைக் காங்கேசன்துறையில் வாக்கெடுத்துப் பார்க்குமாறு அரசாங்கத்தை அழைத்தார். அரசாங்கம் இடைத்தேர்தலை இரண்டாண்டுகளும் நான்கு மாதங்களும் ஒத்திப்போட்டது. இடையில், 1974 சனவரி 10 ஆந் திகதி, யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளன்று பொலிசாரின் நடவடிக்கையைத் தொடர்ந்து உயிர்கள் பலியாயின. பொதுசன அபிப்பிராயத்தைக் கேட்க அஞ்சிக் காலத்தைக் கடத்துவோர், கடத்திய ஒவ்வொரு மாதத்திலும் அவ்வபிப்பிராயம் தமக்கு எதிராக இறுகுவதைக் காண்பதில்லை.

1975 பெப்ரவரி 6 ஆந் திகதி வாக்களிப்பு நடந்தது. செல்வநாயகம் 25,927 வாக்குகள் பெற்றார், வி. பொன்னம்பலம் 9,457. பெரும்பான்மை 16,470. இவ்வெண்களை 1970 ஆம் ஆண்டின் எண்களோடு வைத்து நோக்குதல் பயன்தரும். செல்வநாயகத்தின் வாக்குகள் 12,407 ஆல் உயர்ந்தன. 1970 இற் சுந்தரலிங்கம் பெற்ற 5,788 முழுவதும் அவருக்கே வந்தன எனக் கொண்டாலும் அவ்வுயர்வின் பாதியைத் தானும் அவை எட்டா. கூட்டணியிற் சேர்ந்த காங்கிரசின் வாக்குகளையும் சேர்த்தாலும் இடைவெளி எஞ்சுகின்றது. முன்னர் வாக்களியாதிருந்தோரும், இடைப்பட்ட ஐந்தாண்டுகளிற் பதினெட்டு வயதை எய்திய இளைஞரும் அதனை நிரப்பினர் என்றே கருத வேண்டும். தரப்படுத்தலால் நேரடியாகத் தாக்குண்ட தலைமுறை முதன்முறையாக வாக்குச்சாவடிக்கு வந்தது. பார்க்கின்சன் நோயால் நடுங்கும் கையும் ஒடுங்கிய குரலும் கொண்ட முதியவருக்கு வாக்களித்துச் சென்றது.

ஆனால், மற்றைய எண்ணும் நோக்கத்தக்கதே. அரசாங்கத்தின் பக்கம் நின்ற வி. பொன்னம்பலத்தின் வாக்குகள் குறையவில்லை. 1,293 ஆற் கூடின. அவ்வளவு கொந்தளிப்பின் நடுவிலும் 9,457 பேர் கூட்டணிக்கு எதிராக வாக்களித்தனர். மாவிட்டபுரத்து வாசலில் நின்றபோது தமக்குத் துணைநின்றோர் யார் என்பதை மறவாதோர் அவர்களுட் பலர் என ஊகித்தல் தவறாகாது. தேர்தல் முடிவைத் தொடர்ந்து செல்வநாயகம், சுதந்திரமும் இறைமையும் கொண்ட தமிழீழத்துக்கான ஆணையாகவே தாம் இதனைக் கொள்வதாக அறிவித்தார். 25,927 பேரும் அதற்கே வாக்களித்தனரா, அன்றி அரசியலமைப்பை நிராகரித்தற்கு வாக்களித்தனரா என்பதை வாக்குச்சீட்டு கூறாது; தேர்தலுக்கு வைக்கப்பட்ட வினா பின்னதே. 9,457 பேரின் அபிப்பிராயம் என்னவாயிற்று என்று கேட்டோர் அன்று மிகச் சிலர். 1952 இன் 15,337 பேரைப் போலவே இவர்களும் பின்னாளைய எழுத்துக்களிற் பெரிதும் மறைந்து போயினர்.

1977 ஏப்பிரில் 26 ஆந் திகதி செல்வநாயகம் மறைந்தார். யூலை 21 ஆந் திகதி நடந்த பொதுத் தேர்தலில், எல்லை மாற்றப்பட்ட காங்கேசன்துறைத் தொகுதியில் அமிர்தலிங்கம் 31,155 வாக்குகளோடு தெரிவானார். கூட்டணி பதினெட்டு ஆசனங்களோடு முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. அதே தேர்தலில் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து சௌ. தொண்டமான் பாராளுமன்றம் சென்றார். 1947 இன் பின்னர் மலைநாட்டுத் தமிழர் தம் வாக்கால் ஒருவரைத் தெரிந்தது அதுவே முதன்முறை. அதற்கு முப்பதாண்டுகள் சென்றிருந்தன. கூட்டணியின் மூன்று தலைவர்களுள் ஒருவராக இருந்த அவர், தனிநாட்டுக் கோரிக்கை தம் மக்களுக்கு உரியதன்று எனக் கூறி அதற்கு முன்னரே ஒதுங்கியிருந்தார். வடக்கு வாக்காளர் 1952 இல் மலைநாட்டாரின் வினாவைத் தமதன்று என்றனர். 1977 இல் மலைநாட்டார் வடக்கின் விடையைத் தமதன்று என்றனர்.

காங்கேசன்துறை அதன் பின்னர் தனக்கென ஓர் உறுப்பினரைத் தெரிந்ததில்லை. 1983 இல் ஆறாம் திருத்தத்தின் கீழ்ச் சத்தியம் செய்ய மறுத்த கூட்டணி உறுப்பினர் தம் ஆசனங்களை இழந்தனர். 1989 முதல் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையின் கீழ் அது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாயிற்று. 1990 இற் போர் தொடர்ந்தபோது சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. வடகரைக் கிராமங்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களின் வீடுகளும் காணிகளும் பல்லாண்டுகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கின. போர் முடிந்த 2009 இன் பின்னர் நிலம் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டது. அதற்கிடையில் நடந்த தேர்தல்களிற் காங்கேசன்துறை வாக்காளர் பலர், காங்கேசன்துறைக்கு வெளியே நின்றே வாக்களித்தனர்.